உங்களுக்குத் தெரியுமா? ஒரு கரண்டி உறைமோர்

மார்கழிக் குளிரில் ஆனைகட்டியில் தயிர் உறைய வைப்பதே ஒரு பக்குவம். காய்ச்சிய பாலை, விரல் விட்டால் சுடாமல் இளஞ்சூடு மட்டும் தெரிகிற பதத்துக்கு ஆறவிட வேண்டும். கோடையில் அரைக் கரண்டி உறைமோர் போதும். மார்கழியில் இரண்டு கரண்டி. ஊற்றி, இரண்டு முறை ஆற்றி, மூடி, பழைய வேட்டித் துணியால் சுற்றி, சாம்பல் சூடு தணியாத அடுப்பு மேட்டில் வைத்துவிடுவார்கள். நான் தங்கியிருந்த வீட்டில் விடிகாலையில் பாட்டி துணியைப் பிரித்து, சட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். தயிர் அசையவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு கோடு தெளிநீர் நின்றது. "ஒற நல்லா புடிச்சிருக்குதுங்க" என்றார்.

அந்தச் சட்டிக்குள் ராத்திரி முழுக்க என்ன நடந்தது? அதைச் சாப்பிடுகிறவரின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு அதனால் ஏதாவது ஆகிறதா? இந்த முறை அதுதான் சேதி.

ஓடைக்கு இரு கரை

கோவையிலிருந்து தடாகம் வழியாக மலையேறினால் சுமார் 30 கிலோமீட்டரில் ஆனைகட்டி. கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடைக்கு இந்தக் கரை தமிழ்நாடு. அந்தக் கரை கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், அட்டப்பாடி. இரண்டு கரையிலும் ஆனைகட்டி என்றே பெயர். இங்கே தயிர், அங்கே தைரு. இங்கே நீர்மோர், அங்கே இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்ட சம்பாரம். இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடி மக்களின் மண் இது. ராகியும் சாமையும்தான் இங்கே பழைய சாப்பாடு. ராகிக் களியோடும் கூழோடும் மோர் சேர்ந்துகொள்ளும்.

பால் ஏன் கட்டியாகிறது?

உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. பாலின் அமில அளவு (பிஎச்) 6.7 அளவிலிருந்து மெல்ல இறங்கும். 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை பின்னுகிறது. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. பாட்டி சாய்த்துப் பார்த்தது அந்த வலையைத்தான்.

கடை யோகர்ட்டும் வீட்டுத் தயிரும் ஒன்றா?

இல்லை. யோகர்ட் என்று விற்பதற்கு இரண்டு பாக்டீரியாக்கள் சேர்ந்திருக்க வேண்டும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபைலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி ஒரு கிராம் யோகர்ட்டில் குறைந்தது 1 கோடி பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். வீட்டுத் தயிரில் இன்னின்னதுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. லாக்டோகாக்கஸ், லூக்கோநாஸ்டாக், பலவகை லாக்டோபேசில்லஸ் என்று ஒரு கலவை. உங்கள் வீட்டு உறைமோரும் பக்கத்து வீட்டு உறைமோரும் வேறு வேறு குடும்பம். அதனால் ஒரு கம்பெனி யோகர்ட்டில் நடந்த ஆய்வின் முடிவை அப்படியே நம் சட்டித் தயிருக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இந்தப் பத்தி முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தஹி' என்று எழுதச் சொன்னபோது

2023 மார்ச்சில், தயிர்ப் பாக்கெட்டுகளில் 'கர்ட்' என்பதை எடுத்துவிட்டு 'தஹி' என்று அச்சிடச் சொன்னது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம். தமிழ்நாடும் கர்நாடகமும் எதிர்த்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே உத்தரவு திருத்தப்பட்டது. 'கர்ட்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் தயிர், மோசரு, பெருகு என்று அந்தந்த ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பாக்கெட்டில் தயிர் என்ற சொல் இருப்பது சின்ன விஷயமில்லை.

குடலுக்குள் காவல் நிலையம்

நம் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. வெளியுலகம் உடம்புக்குள் தினமும் நுழையும் வாசல் அதுதானே. சிறுகுடல் சுவரில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காவல் மேடுகள் உண்டு. 1677-ல் அவற்றை விவரித்த ஸ்விஸ் மருத்துவர் பெயராலேயே பேயர் திட்டுகள் என்கிறார்கள். அந்த வழியே போகிற வருகிற நுண்ணுயிரிகளைக் காவல் செல்கள் தொட்டுப் பார்க்கின்றன. சில செல்கள் குடல் சுவரின் இடுக்கு வழியே கையை நீட்டி எடுத்தே பார்க்கின்றன. யார் எதிரி, யாரை விட்டுவிடலாம் என்று பழகிக்கொள்கின்றன. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் பெருமளவில் சுரப்பது இங்கேதான். தயிர் பாக்டீரியாக்கள் நோய் தராதவை. அவை கடந்து போகும்போது காவல் செல்களுக்கு ஒரு பழக்கம் கிடைக்கிறது. தயிரையும் எதிர்ப்பாற்றலையும் சேர்த்துப் பேசுகிறவர்களின் அடிப்படை வாதம் இதுதான்.

தங்க வருவதில்லை

தயிர் பாக்டீரியா நம் குடலில் குடியேறுவதில்லை. பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே சாகும். பிழைத்தவையும் சில நாளில் வெளியேறிவிடும். வாரத்துக்கு ஒருநாள் ஒரு குண்டான் தயிர் சாப்பிடுவதை விட தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடுவது மேல் என்பது இதனால்தான்.

நோபல் வாங்கியவர் தயிர் குடித்தார்

1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், ஜெனீவாவில் தன் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் வைத்து, அதிலிருந்த கோல் வடிவ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பல்கேரிகஸ் என்ற பெயர் அந்த ஊரைச் சேர்ந்ததுதான். பாரிஸில் இருந்த இலியா மெச்னிகோவ் அதைப் பிடித்துக்கொண்டார். உடம்பின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கிக் காக்கின்றன என்று நிறுவியதற்காக 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று நம்பி எழுதினார். தானும் தினமும் குடித்தார். 1916-ல், 71-ஆவது வயதில் காலமானார். நீண்ட ஆயுள் பற்றிய அவருடைய கணிப்பு நிரூபணமாகவில்லை. ஆனாலும் குடலில் வாழும் நுண்ணுயிரிக்கும் உடம்பின் காவலுக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் உரக்கச் சொன்ன அறிவியலாளர்களில் அவர் ஒருவர். அந்த எண்ணம் நூறாண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறது.

ஜப்பான் முதியவர்களுக்குச் சளி

ஜப்பானின் ஃபுனகாதா, அரிதா என்ற இரண்டு ஊர்களில் முதியவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 90 கிராம் யோகர்ட். இன்னொன்றுக்கு 100 மில்லி பால். ஓர் ஊரில் 8 வாரம், மற்றதில் 12 வாரம். 2010-ல் முடிவு வெளியானது: யோகர்ட் சாப்பிட்டவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 2.6 மடங்கு குறைவு. நல்ல செய்திதான். ஆனால் இரண்டு ஊரும் சேர்ந்தே 142 பேர். அதோடு, அது ஒரு குறிப்பிட்ட வகை பல்கேரிகஸ் சேர்த்துச் செய்த யோகர்ட். ஒரு நல்ல தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக நான் தயார் இல்லை.

பத்து வாரம் புளித்ததைச் சாப்பிட்டால்

2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆரோக்கியமான 36 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவு 10 வாரம் யோகர்ட், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவை நிறையச் சாப்பிட்டது. இன்னொரு பிரிவு நார்ச்சத்தை. புளித்த உணவுப் பிரிவில் குடல் நுண்ணுயிரிகளின் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நம் ஊர்ச் சாப்பாட்டில் தயிர், மோர், இட்லி மாவு, பழைய சோறு, புளித்த கூழ் என்று ஒரு நாளுக்குள்ளேயே எத்தனை புளிப்பு! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல்நோய்ப் பிரிவு பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அமெரிக்க ஆய்வைக் காட்டி நம் உணவுக்கு நாம் மரியாதை தேட வேண்டிய நிலை அப்படித்தான் மாறும்.

விளம்பரத்துக்குப் போட்ட கடிவாளம்

"இதைக் குடித்தால் சளி, காய்ச்சல் வராது" என்ற விளம்பரத்துக்காக, யோகர்ட் விற்கும் டானோன் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் கேள்வி எழுந்தது. 2010 டிசம்பரில் அந்த வாக்கியங்களைக் கைவிட ஒப்புக்கொண்ட நிறுவனம், 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதே காலத்தில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்று சொன்ன புரோபயாடிக் (நன்மைக்காகத் தரும் உயிருள்ள நுண்ணுயிரி) விண்ணப்பங்களை வரிசையாக நிராகரித்தது. தயிருக்காக அது ஏற்றுக்கொண்ட வாசகம் ஒன்று உண்டு: பால் செரிக்காதவர்களுக்கு உயிருள்ள யோகர்ட், லாக்டோஸ் செரிக்க உதவும். பால் குடித்தால் வயிறு உப்புகிற பலர் தயிரைத் தாராளமாகச் சாப்பிடுவதன் காரணம் இதுதான். பாக்டீரியா முன்னமே பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது.

கொல்கத்தாவும் ஒடிசாவும்

நம் நாட்டுக் குழந்தைகளிடமே நடந்த ஆய்வுகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயதுக்குட்பட்ட 3,758 குழந்தைகளுக்கு 12 வாரம் ஒரு புளித்த பால் பானத்தையோ, அந்தப் பாக்டீரியா இல்லாத பானத்தையோ கொடுத்தார்கள். பாக்டீரியா கிடைத்த குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது.

ஒடிசாவில் நடந்தது இன்னும் பெரியது. 149 கிராமங்களில் தாய்ப்பால் குடிக்கும் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள். பாதிப் பேருக்கு ஏழு நாள், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையும். 2017-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: ரத்தத்தில் கிருமித் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆக இறங்கியிருந்தது. இது அளந்து, தேர்ந்தெடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த பாக்டீரியா, தயிர் இல்லை. தயவுசெய்து பிறந்த குழந்தை வாயில் யாரும் தயிர் தடவ வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு மற்ற உணவோடு தயிரும் சேரலாம்.

மோர்க்குழம்பில் உயிர் இருக்குமா?

கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். மோர்க்குழம்பு, புளிசேரி, காளன் எல்லாம் அப்படித்தான். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போகாது. உயிரோடு வேண்டுமென்றால் கடைசியில் இலையில் விடும் மோர்தான். மோரில் தண்ணீரை நிறையப் பெருக்கிக் குடிக்கச் சொல்கிறது தேரையர் பெயரில் வழங்கும் மருத்துவ வாக்கு.

சளிக்குத் தயிர் ஆகாதா?

சளியைத் தருவது வைரஸ். தயிர் அதை உண்டாக்காது. ஆஸ்திரேலியாவில் 60 தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே சளி வைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் கணக்குப் பார்த்தார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வில் இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. பனிப்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த தயிர் தொண்டையை உறுத்தினால் வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு சாப்பிடுங்கள். காய்ச்சலில் படுத்தவருக்கு வாய்க்குப் பிடிக்கிற தயிர்சாதத்தை மறுத்துப் பட்டினி போடுவதுதான் கெடுதல்.

மிளகாய்க் காம்பு வித்தை

உறைமோர் இல்லையா? இளஞ்சூட்டுப் பாலில் காம்போடு நாலு பச்சைமிளகாயைப் போட்டு மூடி வையுங்கள். காம்பில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியா பாலை உறைய வைக்கும். முதல் தயிர் சுமாராகத்தான் இருக்கும். அதையே உறையாக வைத்து அடுத்த தடவை ஊற்றினால் கெட்டியாகும்.

ஊசி போட்ட மாட்டுப் பால்

மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பால் சில நாள் சரியாக உறையாது. மருந்தின் மிச்சம் பாலில் இறங்கி, உறைமோர் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது. அதனால்தான் மருந்து கொடுத்த நாட்களில் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்கிறார்கள்.

மருந்து நம் வயிற்றுக்குள் போகும்போது கதை தலைகீழ். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ஏறாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்ததும் புரோபயாடிக் மாத்திரை அவசியம் என்ற நம்பிக்கைக்கும் 2018-ல் ஒரு மறுப்பு வந்தது. இஸ்ரேலின் வைஸ்மேன் ஆய்வகம் பார்த்தபோது, அப்படிப்பட்ட மாத்திரை எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் நுண்ணுயிரிகள் திரும்பிவர அதிக நாள் ஆனது.

பச்சைப் பாலில் உறை வேண்டாம்

காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும் புரூசெல்லா கிருமியும் இருக்கலாம். புளிப்பு அவற்றை முழுதாக அழித்துவிடாது. பாலைப் பொங்கக் காய்ச்சிவிட்டுத்தான் உறை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் புரோபயாடிக் மாத்திரையைத் தாமாக எடுக்கக் கூடாது. தயிரையும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடட்டும்.

எதிர்ப்பாற்றலைத் தின்பது பசிதான்

2013-ல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் சத்துக் குறைவும் ரத்தசோகையும், எடை குறைந்து பிறந்த பிள்ளைகளும் நாடு முழுக்கச் செய்தியாயின. அதன் பிறகுதான் ஊர்களில் சமூக சமையலறைகள் வந்தன. உலகெங்கும் நோய் எதிர்ப்பைக் குலைக்கும் முதல் காரணங்களில் ஒன்று ஊட்டக்குறைவு. 100 கிராம் தயிரில் சுமார் 3 கிராம் புரதம், 120 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்பு, செடிகொடிகளில் கிடைக்காத பி12. அரைவயிற்றுக் கூழ் குடிக்கும் பெண்ணுக்கு அந்தக் கிண்ணத்தில் பாக்டீரியாவை விட முக்கியம் அந்த 3 கிராம். ஆனைகட்டியில் நின்று தயிரைப் பற்றி எழுதும்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

தயிருக்கே நோய் எதிர்ப்பு உண்டு!

எனக்கு மிகவும் பிடித்த சேதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் உண்டு, ஃபேஜ் என்பார்கள். தயிர்த் தொழிற்சாலையில் ஃபேஜ் புகுந்தால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் போகும். டானிஸ்கோ என்ற உணவு நிறுவனத்தில் ரொடோல்ஃப் பரங்குவும் ஃபிலிப் ஹோர்வாத்தும் இதை ஆராய்ந்தார்கள். தப்பிப் பிழைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபைலஸ், தன்னைத் தாக்கிய ஃபேஜின் மரபணுத் துணுக்கை வெட்டித் தன் மரபணுவுக்குள்ளேயே சேமித்து வைத்திருந்தது. அதே ஃபேஜ் மறுபடி வந்தால், சேமித்த துணுக்கோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டு அதன் மரபணுவைத் துண்டாக்கிவிடுகிறது. 2007-ல் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. கிரிஸ்பர் என்ற இந்த ஏற்பாடு பாக்டீரியாவின் நோய் எதிர்ப்பு என்று சோதனையில் நிரூபணமானது, யோகர்ட்டை உறைய வைக்கும் இந்தப் பாக்டீரியாவில்தான்.

2012-ல் எமானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும், அதன் உறவுக்கார பாக்டீரியா ஒன்றின் கத்திரியை எடுத்து, வேண்டிய இடத்தில் மரபணுவை வெட்டும் கருவியாக்கினார்கள். 2020-ல் வேதியியல் நோபல். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்தக் கத்திரியால் செய்யும் முதல் சிகிச்சைக்கு அனுமதி தந்தன.

எந்த நோய்க்கு என்று நினைக்கிறீர்கள்? அரிவாள் அணு ரத்தசோகைக்கு.

அட்டப்பாடி மக்களுக்கு அந்த நோயை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் முதன்முதலில் அது பதிவானது 1952-ல், இங்கிருந்து பார்த்தால் தெரியும் நீலகிரியின் பழங்குடிகளிடம். ஒரு மரபணு மட்டும் மாறியிருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இரண்டும் மாறியிருந்தால் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, ரத்தக் குழாயை அடைத்து, எலும்பை முறிப்பது போன்ற வலி. சின்ன வயதிலேயே மண்ணீரலும் செயலிழக்கும். அதனால் சாதாரண நிமோனியாக் கிருமியே உயிருக்கு உலை. அந்தக் குழந்தைகளின் எதிர்ப்பாற்றலைக் காப்பது தடுப்பூசியும் ஐந்து வயது வரை தினமும் தரும் பெனிசிலினும்தான். வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா.

2047-க்குள் இந்த நோயை ஒழிக்க 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசியத் திட்டம் தொடங்கியது. கிரிஸ்பர் சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய். நம் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அதே வகைச் சிகிச்சையைக் கொண்டுவர தில்லியின் ஐஜிஐபி ஆய்வகம் உழைத்து வருகிறது. அது அட்டப்பாடியில் கோட்டத்தறையின் அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை வரை வந்து சேரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

பாட்டி அன்று காலை சட்டியிலிருந்து ஒரு கரண்டித் தயிரைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். அன்று ராத்திரிக்கு உறை.